கம்ப்ரசருக்கு என்ன அந்தஸ்து?

அந்த மீன் குளிர்கிடங்கில் மாப்பிள்ளை 'தொழில்நுட்பத் தலைவர்' ஆனதற்கு இருந்த ஒரே தகுதி, முதலாளியின் மூத்த மகளைக் கட்டிக்கொண்டதுதான். இப்போது கூட்டாளி நாற்காலிக்கு அடிபோட்டுக்கொண்டிருந்தார். "இந்த சீசன் சரக்கைக் கெடாம காப்பாத்திக் காட்டுங்க மாப்பிள்ளை, அப்புறம் பேசுவோம்" என்று மாமனார் சொல்லியிருந்தார். சும்மா இருந்திருந்தாலே சரக்கு கெட்டிருக்காது. அது ஒன்றுதான் மாப்பிள்ளைக்கு வராது.

கணினியைப் பார்த்துக்கொண்டவள் மாப்பிள்ளையின் மைத்துனி, முதலாளியின் இளைய மகள். கிடங்கில் ஆள் சொன்னாலும் இயந்திரம் சொன்னாலும், எது நடந்தாலும் ஒரு வரிச் செய்தியாக அதில் வந்து பதிவாகும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தீவிர நிலை உண்டு. உச்சியில் 'எமர்ஜென்சி', எல்லாத் திரைகளிலும் சிவப்பாகப் பாய்ந்து மணியடிக்கும். அடிமட்டத்தில் 'டீபக்', ஏதோ ஒரு கோப்பில் விழுந்து கிடக்கும், சீந்த ஆளிருக்காது. எந்தச் செய்திக்கு எந்த நிலை என்று அவள் கறுப்புத் திரையில் ஒருமுறை தட்டி வைத்தால் முடிந்தது.

ஒருநாள் மாப்பிள்ளையின் சுற்றறிக்கை 'இன்ஃபோ' என்று போனது. பக்கத்தில் நின்று பார்த்தவரின் முகம் சுருங்கிவிட்டது.

"இன்ஃபோன்னா?"

"சும்மா தகவல், அத்தான்."

"நான் சொன்னா சும்மாவா? அந்தக் கம்ப்ரசருக்கு என்ன போட்டிருக்கே?"

"நின்னா எமர்ஜென்சி."

"ஒரு இரும்புப் பெட்டி எனக்கு மேலயா?"

"அது நின்னா மீன் நாறும் அத்தான். நீங்க நின்னா..." மீதியை விழுங்கிவிட்டு விசைப்பலகையைத் துடைத்தாள்.

மறுநாளே புதிய ஒழுங்குமுறை பிறந்தது. இனிமேல் செய்தியின் தீவிரம், அனுப்புகிறவரின் பதவியைப் பொறுத்தது. மாமனார் எமர்ஜென்சி. மாப்பிள்ளை ஒரு படி கீழே, 'அலர்ட்', அடக்கமாம். மேலாளர் 'கிரிட்டிக்கல்'. வாசல் காவலாளிக்கு 'நோட்டீஸ்'. கம்ப்ரசர் சம்பளப் பட்டியலிலேயே இல்லை, ஆகவே டீபக்.

"இதென்ன ஊர்வலமா அத்தான், ஆள் பார்த்து வரிசை கட்ட? என்ன நடந்ததுன்னு பார்த்துதான் லெவல் போடணும். யார் சொன்னாங்கன்னு பார்த்து இல்ல."

"ஆபீஸ்னா ஒரு மரியாதை வேணும். மாத்து."

அப்பாவிடம் முறையிட்டாள். உச்சி தனக்கு என்று கேட்டதும் அவர் உருகிப்போனார். "மாப்பிள்ளை சொல்றபடி செய்ம்மா."

அதன்பின் கிடங்கு களைகட்டியது. 'என் மூக்குக்கண்ணாடி எங்கே?' என்று முதலாளி கேட்டதும் மணி அலறியது. மேலாளர் உட்பட மொத்த அலுவலகமும் மேசைகளுக்கு அடியில் தவழ்ந்தது. மாப்பிள்ளையின் காலை வணக்கம் தினமும் அபாய மஞ்சளில் மின்னியது. மைத்துனி மட்டும் போகிறபோக்கில் டீபக் கோப்பை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வீட்டில் கிடந்த நாட்களாகப் பார்த்துக் கம்ப்ரசர் நின்றது. தன் தகுதியறிந்து மிகப் பணிவாகத் தெரிவித்தது. யாரும் கேட்கவில்லை. கதவடியில் தண்ணீர் கசிவதாகக் காவலாளி அனுப்பிய நோட்டீஸ், கூட்டத்துக்கு நேரத்தோடு வருவது பற்றிய மாப்பிள்ளையின் அலர்ட்டுகளுக்கு அடியில் நசுங்கிப்போனது. நாற்றத்துக்கு மட்டும் யாரும் நிலை ஒதுக்கியிருக்கவில்லை. அது நேராக முதலாளியின் அறைக்கே போய்விட்டது.

கிடங்கைத் திறந்தார்கள். சீசன் சரக்கு மொத்தமும் கொழகொழவென்று கிடந்தது.

"யார் பொறுப்பு?" என்றார் முதலாளி, மூக்கைப் பொத்தியபடி.

"கம்ப்ரசர் உரிய முறையில தெரிவிக்கல, மாமா."

வீங்கிய கன்னத்தோடு ஓடிவந்திருந்த மைத்துனி கோப்பைத் திறந்து காட்டினாள். திரை முழுக்க ஒரே வரி, திரும்பத் திரும்ப. "முந்தாநாள்லருந்து கத்திட்டிருக்குப்பா."

முதலாளி திரையைப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"அலர்ட்டைக் கம்ப்ரசருக்குக் குடு."

"எமர்ஜென்சியே குடுக்கலாமேப்பா?"

"அது என்னோடது."

"சரி. அத்தானுக்கு?"

"கம்ப்ரசர் இருந்த இடம் காலியாத்தானே இருக்கு" என்றார் முதலாளி.