லேமினேஷன் போட்ட சான்றிதழ்

கேட்டிருந்தால் மஹாலட்சுமி கொடுத்திருப்பாள். அதுதான் வடிவாம்பாளுக்குப் பொறுக்கவில்லை.

மாமனார் கலியாணசுந்தரம் இறந்து மூன்று வருஷம் ஆகிறது. பிள்ளையார்பாளையத்தில் ஒரே வாசலுக்குள் இரண்டு குடித்தனம். மூத்தவர் இளங்கோவன் ஒரகடத்துக்குக் கம்பெனி வேலைக்குப் போகிறார். இளையவன், வடிவாம்பாளின் புருஷன் சிவபாலன்தான் அப்பாவின் தறியில் உட்காருகிறான். தறி வந்ததுபோல, நெசவாளர் சங்கத்தில் அப்பாவுக்கு இருந்த உறுப்பினர் இடமும் அவனுக்கு வர வேண்டும். அண்ணன் சம்மதித்துவிட்டார். இறப்புச் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி. அது மூத்த மருமகள் மஹாலட்சுமியின் பீரோவில், லேமினேஷன் போட்டுப் பத்திரமாக இருந்தது.

"அண்ணிகிட்ட கேளேன், வடிவு."

"நீங்களே கேளுங்க."

"நான் தறியில இருக்கேன்ல?"

"நானும்தான் அடுப்புல இருக்கேன்."

கேட்டால் என்ன நடக்கும் என்று வடிவாம்பாளுக்குத் தெரியும். பீரோ திறக்கும். சான்றிதழோடு ஒரு சின்னச் சிரிப்பும் வெளியே வரும். மாமா போன அந்த ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் மஹாலட்சுமி. கடைசி வாய் பால் அவள் கையால்தான். வந்த உறவுக்கெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுக்கவே இல்லை. "நானும் காலைப் புடிச்சிக்கினுதான் இருந்தேன்" என்று வடிவாம்பாள் நடுவில் சொல்வாள். மஹாலட்சுமி இல்லை என்று சொன்னதில்லை. அந்தச் சிரிப்பைச் சிரிப்பாள், அவ்வளவுதான். அது வடிவாம்பாளின் வயிற்றில் மூன்று வருஷமாக எரிகிறது.

பால்காரம்மாதான் வழி சொன்னாள்: "அதுக்கு எதுக்கும்மா இன்னொருத்தர்கிட்ட நிக்கணும்? கம்ப்யூட்டர்ல யார் வேணாலும் எடுக்கலாமே!"

மறுநாளே வடிவாம்பாள் மூங்கில் மண்டபத்துப் பக்கம் இருந்த இ-சேவைக் கடைக்குப் போனாள். கம்ப்யூட்டருக்கு முன்னால் ஜோதிகா என்ற பெண் இருந்தாள்.

"இறந்தவங்க ஆணா பொண்ணா, என்ன தேதி, எந்த இடம்? இது மூணும் சொல்லுங்க ஆன்ட்டி. சொந்த ஊர் வேணாம், உயிர் எங்க போச்சோ அந்த இடம். அங்கதான் பதிவு ஆகியிருக்கும்."

"எங்க வீட்டுலதான். மாசி மாசம், தேய்பிறை நவமி."

ஜோதிகா கீபோர்டிலிருந்து விரலை எடுத்துவிட்டாள். "இங்கிலீஷ் தேதி?"

போன மாதம் திவசம் கொடுத்த தேதியை வடிவாம்பாள் சொன்னாள். அதே தேதியை மூன்று வருஷம் பின்னால் தள்ளிப் போட்டுப் பார்த்தாள் ஜோதிகா. பதிவு இல்லை.

"ஆன்ட்டி, நவமி வருஷா வருஷம் வேற வேற தேதியில வருது. ஆபீஸ்ல திதியெல்லாம் எழுதமாட்டாங்க." தன் போனில் பஞ்சாங்கத்தைத் திறந்து அந்த வருஷத்து மாசி நவமியைத் தேடினாள். "செவ்வாய்க்கிழமை வருது. சரியா?"

"அதேதான்! செவ்வாக்கெழமை ராத்திரி." வடிவாம்பாளுக்கு மஹாலட்சுமியின் பீரோவையே உடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

அந்தத் தேதியிலும் பதிவு இல்லை.

"பதியவே இல்லியோ?"

"அது எப்படி? எங்க அக்கா பீரோவுல இருக்குதே!"

"அப்ப அவங்ககிட்ட ஒரு வார்த்த போன் போட்டுத் தேதியக் கேட்டுடுங்களேன்."

"அது மட்டும் நடக்காது."

ஜோதிகா ஒரு முறை அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு நாற்காலியைத் திருப்பிக்கொண்டு கேட்டாள்: "ராத்திரின்னா எப்போ? பன்னண்டு மணிக்கு முன்னாடியா, அப்புறமா? வீட்டுல நாம விடியற வரைக்கும் செவ்வாக்கெழமைன்னுதான் சொல்லுவோம். கவர்மென்ட்டுக்குப் பன்னண்டு அடிச்சா புதன்."

தானும் அந்த நேரத்தில் பக்கத்தில் இருந்ததாகச் சொல்லித் திரிந்தவள் வடிவாம்பாள். கடையில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள்.

"தெரியாதும்மா," என்றாள் மெதுவாக. "நான் தூங்கிட்டேன். அக்கா வந்து எழுப்பினப்போ எல்லாம் முடிஞ்சிருந்தது."

ஜோதிகா மறுபடி திரைப் பக்கம் திரும்பினாள். தறியின் பாவில் அறுந்த இழையைப் பக்கத்து இடத்தில் தேடுகிற மாதிரி, ஒரே ஒரு நாள் தள்ளிப் போட்டாள். திரையில் பெயர் வந்தது: கலியாணசுந்தரம். ஆண். புதன்கிழமைத் தேதி.

பிரிண்டர் தாளைத் துப்பியது. "மூலையில கட்டம் கட்டமா இருக்குது பாருங்க, அத ஸ்கேன் பண்ணினா ஆபீஸ் பதிவே தெரியும். எத்தன தடவ எடுத்தாலும் இதுதான் அசல்."

"அக்கா வெச்சிருக்கறது?"

"அதுவும் இதேதான். ஒசத்தி ஒண்ணும் கிடையாது."

அந்த வார்த்தையை வடிவாம்பாள் வீடு வரைக்கும் இனிப்பு மாதிரி வாயில் போட்டுக்கொண்டே வந்தாள். தாளை மடிக்காமல், எழுத்து வெளியே தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டாள்.

மஹாலட்சுமி வாசலில் வடகம் பிழிந்துகொண்டிருந்தாள். "இன்னாடி கையில?"

"மாமா சர்ட்டிபிகேட். யாரையும் கேக்க வேணாமாம்கா, யார் வேணா எடுக்கலாமாம்."

"கேட்டா குடுத்திருப்பேனே." மஹாலட்சுமி மாவுக் கையைத் தூக்கிப் பிடித்தபடி எட்டிப் படித்தாள். "புதன்கெழமைன்னு கரெக்டாத்தான் கீது. ஆபீஸ்ல எங்க வூட்டுக்காரரு, மாமா செவ்வாக்கெழமைதான் போனாருன்னு எழுதப் போனாரு. நாந்தான் தடுத்து, காலைல மூணரை மணின்னு சொன்னேன்."

வடிவாம்பாளின் கையில் இருந்த தாள் தொய்ந்தது. எத்தனை தடவை எடுத்தால் என்ன, எந்தக் கடையில் எடுத்தால் என்ன? அதில் இருக்கும் தேதி மஹாலட்சுமி சொன்ன தேதி. விழித்திருந்தவள் சொன்னது.

"நீ குடுத்து வெச்சவ," என்றாள் வடிவாம்பாள். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னாள். "நான் தூங்கித் தொலைச்சேன்."

அந்தச் சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. மஹாலட்சுமி வடக அச்சைக் கீழே வைத்தாள்.

"இன்னாடி குடுத்து வெச்சது? பால் ஊத்தறேன், கண்ணத் தொறந்து என்னப் பாக்கறாரு. 'வடிவு எங்க'ங்கறாரு. தூங்குது மாமா, எழுப்பட்டான்னேன். 'வேணாம், பாவம், பகல் பூரா ஓடினா, தூங்கட்டும்'னாரு. அதான் கடைசிப் பேச்சு."

"மூணு வருஷமா ஏங்கா சொல்லல?"

"ஒரு மாசமா மூத்திரத்துணி மாத்தினவ நானு, பக்கத்துலயே உக்காந்துகினு இருக்கேன். அவரு உன்னக் கேக்கறாரு. எந்த வாயால சொல்லச் சொல்ற?"

உள்ளே தறிச் சத்தம் நின்றது. "சர்ட்டிபிகேட் கெடச்சுதா?" என்று சிவபாலன் குரல் கொடுத்தான்.

வடிவாம்பாள் தாளை வடகத் துணியின் ஓரத்தில் வைத்துவிட்டு, மஹாலட்சுமியின் எதிரே குந்தினாள்.

"அக்கா," என்றாள். "இன்னா சொன்னாரு? இன்னொரு வாட்டி சொல்லுக்கா."