இருமாத தொண்டை

இடது கையும் காலும் விழுந்துபோன மூன்றாம் நாள் காலையில், நர்ஸ் பகவதி கட்டிலின் தலைமாட்டை உயர்த்தி ஞானதீபம் டீச்சரை நிமிர்ந்து உட்கார வைத்தாள். ஒரு ஸ்பூன் தண்ணீரை வாயில் விட்டு, தொண்டையில் இரண்டு விரல் வைத்துப் பார்த்தாள். தொண்டை ஏறி இறங்கியது. இன்னொரு ஸ்பூன், இன்னொன்று, பிறகு அரை டம்ளர். இருமல் வரவில்லை.

"பாஸாயிட்டாங்க அண்ணாச்சி. இனி கஞ்சி குடுக்கலாம்" என்றாள்.

தேவதாசனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. துறைமுகத்தில் லாரி எடைமேடையில் முப்பத்தொரு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். விழுங்க முடிகிறதா என்று பார்க்கும்வரை மனைவி வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது என்று மூன்று நாளாகச் சொல்லி வைத்திருந்தார்கள். அவள் காய்ந்த உதட்டை நாக்கால் தடவுவதைப் பார்க்கமாட்டாமல் வராந்தாவுக்கும் வார்டுக்குமாக நடந்திருந்தார்.

ஞானதீபத்தின் தங்கை ரேச்சல் பக்கத்து ஊரான புதுக்கோட்டையில் தன் வீட்டில் கேப்பைக் கஞ்சி காய்ச்சி, டவுன் பஸ் பிடித்துக் கொண்டுவந்தாள். தேவதாசன் ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தார். டம்ளர் காலியானது.

"இன்னும் கொஞ்சம் சீனி போட்டிருக்கலாம்" என்றாள் ஞானதீபம்.

தேவதாசன் ஸ்பூனைக் கீழே வைத்தார். கணக்கு டீச்சரின் குரல் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும். வாய் கோணிய பிறகு வார்த்தைதான் குழறியதே தவிர குரல் தெளிவாகத்தான் இருந்தது. இப்போது சொன்ன வாக்கியம் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோலக் கொளகொளத்தது. சற்று நேரத்தில் சரியானது. மத்தியானம் கஞ்சி குடித்ததும் மறுபடி அப்படியே கொளகொளத்தது.

டூட்டி டாக்டரைத் தேடிப் போய்ச் சொன்னார்.

"இருமுறாங்களா?"

"இல்ல சார்."

"மூச்சு வாங்குதா?"

"இல்ல. குரல்லதான்... தண்ணி கெடக்க மாதிரி இருக்கு."

"பக்கவாதத்துல குரல் மாறத்தான் செய்யும். இருமல் வந்தா சொல்லுங்க." டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அதற்குமேல் என்ன சொல்வதென்று தேவதாசனுக்குத் தெரியவில்லை. அவள் பசிக்கிறது என்றாள். கொடுக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். கொடுத்தார். ஒவ்வொரு ஸ்பூனுக்கும் அவள் முகத்தையே பார்த்தபடி கொடுத்தார். அவள் ஒரு தடவைகூட இருமவில்லை.

ஐந்தாம் நாள் சாயங்காலம் காய்ச்சல் அடித்தது. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடிப்பாகம் வெளுத்துக் கிடந்தது. நிமோனியா என்று சொல்லி ஆக்சிஜன் வைத்தார்கள்.

விழுங்குவதைச் சோதிக்கிற ரம்யா வியாழக்கிழமைதோறும் திருநெல்வேலியிலிருந்து வருவாள். காய்ச்சல் கொஞ்சம் தணிந்த வியாழனன்று, நுனியில் கேமரா வைத்த மெல்லிய குழாயை ஞானதீபத்தின் மூக்கு வழியாக இறக்கிவிட்டு, பச்சைச் சாயம் கலந்த தயிரைக் கால் ஸ்பூன் கொடுத்தாள். திரையில் இரண்டு வெள்ளை மடிப்புகள் தெரிந்தன. பச்சை அந்த மடிப்புகளுக்கு நடுவே வழிந்து உள்ளே போனது. ரம்யா காத்திருந்தாள். ஞானதீபம் ஒன்றுமே நடக்காததுபோல உட்கார்ந்திருந்தாள்.

"அது மூச்சுக்குழல் ஐயா. இந்நேரம் கண்ணுல தண்ணி வர இருமியிருக்கணும். தப்பாப் போகுதுன்னு இவங்க தொண்டைக்கே தெரியல."

"அப்ப நான் குடுத்த கஞ்சி?"

ரம்யா குழாயை மெல்ல வெளியே எடுத்தாள். "கொஞ்சம் கொஞ்சமா உள்ள போயிருக்கும். குரல் மாறினதுதான் அடையாளம். நீங்க சரியாத்தான் கண்டுபிடிச்சிருக்கீங்க."

ஆறுதலாகத்தான் சொன்னாள். தேவதாசனுக்கு அதைத் தாங்க முடியவில்லை. கண்டுபிடித்த பிறகும் ரெண்டு நாள் ஊட்டியது இந்தக் கைதானே.

வாய்வழியாக எதுவும் கூடாது என்று டாக்டர் சொல்லியனுப்ப, மூக்கு வழியே உணவு செலுத்தும் குழாயோடு ஞானதீபம் வீட்டுக்கு வந்தாள். பேச்சு தேறியது. பேச்சு தேறியதும் டீ கேட்டாள்.

"ஒரு மடக்குங்க. நாக்கு செத்துப் போச்சு."

"வேண்டாம் தீபம். நுரையீரலுக்குள்ள போயிரும்."

"நான் இருமினேனா? ஒரு தடவையாவது இருமினேனா? சொல்லுங்க."

ரம்யாவிடம் கேட்டுக் கைப்பேசியில் வாங்கி வைத்திருந்த கேமராப் படத்தைக் காட்டினார். உற்றுப் பார்த்தாள். "இது யார் தொண்டையோ. எனக்குள்ள போனா எனக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தெரியாமல் போனதுதான் நோயே. அதை அவளிடம் எப்படிச் சொல்லி நிரூபிப்பது?

வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "இவரு எனக்குத் தண்ணிகூடத் தரமாட்டேங்காரு" என்று சொல்லி அழுதாள். கேட்டவர்கள் தேவதாசனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர் தன் சாப்பாட்டை அவள் கண்ணில் படாமல் பின்வாசலில் துவைகல் பக்கம் நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டார்.

"என்ன அத்தான், ஒரு வாய்தான? பாவம்லா அக்கா" என்றாள் ரேச்சல்.

"டாக்டர் சொன்னதை நீயும் கேட்டுக்கிட்டுத்தான இருந்த?"

ரேச்சல் தலையைக் குனிந்துகொண்டாள்.

மருந்துக்கடைக்குப் போய்த் திரும்பிய ஒரு நாள், வாசலிலேயே ஏலக்காய் மணந்தது. உள்ளே ரேச்சல் கையில் டீ டம்ளரும் ஸ்பூனும். ஞானதீபம் தலையணையில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கவாதம் வந்த பிறகு அவள் சிரித்து அவர் பார்த்ததில்லை.

"பாத்தியளா, முழு டம்ளர். ஒண்ணும் ஆகல."

குரல் கொளகொளத்தது. ரேச்சலுக்கு அந்த வித்தியாசம் கேட்கவில்லை. தேவதாசன் மருந்துப் பையோடு அப்படியே நின்றார். குடித்ததைத் திரும்ப எடுக்க ஒரு வழியும் இல்லை.

ரெண்டாம் நாள் நெற்றி சுட்டது. ஆட்டோவில் அவளை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். "இந்தக் குழாயாலதான் காய்ச்சல். நான் சொன்னா யாரு கேக்கா" என்று வழியெல்லாம் முனகினாள்.

பதினெட்டு நாளில் பிழைத்து எழுந்தாள். ரம்யா மறுபடியும் கேமரா வைத்துப் பார்த்தாள். மாற்றமில்லை. மூக்குக் குழாயை எடுத்துவிட்டு, வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைத்து அனுப்பினார்கள்.

இப்போதெல்லாம் ஞானதீபம் டீ கேட்பதில்லை. அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். தேவதாசன் பாலை ஆற்றி, குழாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுகிறார்.

"போதுமா தீபம்?" என்று தினமும் கேட்கிறார்.