இரண்டாம் பாகத்துக்கு ஒரு கார்டு

என் தம்பிக்குப் போனில் பேச வராது. "சாப்பிட்டியா?" என்றால் "ம்" என்பான். "வேலை எப்படிப் போகுது?" என்றால் "போகுது" என்பான். அப்புறம் இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம்தான் கேட்கும். "சரி, வச்சிடறேன்" என்று நானே வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் போனைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அதே ஆளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து, விளையாட்டில் ஒரு மரத்தை வெட்டச் சொல்லுங்கள். மடை திறந்தது போலப் பேசுவான். குளிர்பதனக் கிடங்கில் தன்னை வேலை வாங்கும் மேற்பார்வையாளரின் கஞ்சத்தனம், அறைத்தோழனின் குறட்டை, அடிப்பிடித்த பாத்திரம், தேய்ந்துபோன செருப்பு என்று எல்லாம் வரும். கை ஒரு வேலையில் இருந்தால்தான் அவனுக்கு வாய் திறக்கும். பிறவி அப்படி.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் நாங்கள் சந்திப்பது அந்த விளையாட்டில்தான். அவன் தன் அறைத்தோழனின் கம்ப்யூட்டரிலிருந்து வருவான், நான் வீட்டிலிருந்து. ஆளில்லாத காட்டில் இரண்டு பேர் மரம் வெட்டி, கல் சுமந்து, வீடு கட்ட வேண்டும். உருவங்கள் பார்க்கச் சகிக்காது. தீப்பெட்டிக்குக் கை கால் முளைத்தது போல இருப்போம். ஆனால் காதில் மாட்டிய ஹெட்போனில் அவன் குரல் வரும். "அக்கா, அந்தப் பக்கம் போகாதே, பள்ளம் இருக்கு" என்பான். எனக்கு அது போதும்.

அவன் வீட்டை விட்டுப் போனது ஒரு பெயர்ப்பலகையால். அப்பா வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். கேட், ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் செய்வார். வேலைக்குக் குறைவில்லை. ஒருநாள் பட்டறை வாசலில் புதுப் பலகை மாட்டினார். தன் பெயருக்குப் பக்கத்தில் 'மற்றும் மகன்' என்று எழுதி, சிவப்பில் கோடும் போட்டிருந்தார்.

"என்னைக் கேக்காம எப்படிப்பா எழுதினீங்க?" என்றான் தம்பி.

"உன்னை எதுக்குடா கேக்கணும்? நீ என் மகன்தானே?"

அவர் சந்தோஷமாகத்தான் சொன்னார். இவன் கோபமாகத்தான் கேட்டான். பேச்சு தடித்து, அந்த வாரமே பையைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டான். அப்பா பலகையைக் கழற்றிச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். அதன்பின் வீட்டில் அவன் பேச்சை யாரும் எடுப்பதில்லை. அம்மா இருந்திருந்தால் இரண்டு பேர் காதையும் திருகியிருப்பாள். அவள் போய் வெகுகாலம் ஆகிறது. மிச்சம் இருப்பது நானும் அப்பாவும், தம்பி தன் அறையில் விட்டுப்போன கம்ப்யூட்டரும்தான்.

அது அவன் தன் கையால் கோத்தது. கேபினட் என்கிற வெளிப்பெட்டி ஒருவர் தூக்கிப்போட்டது, மதர்போர்டு இன்னொருவர் விற்றது, விசிறி மட்டும் புதுசு. அவன் போன பிறகு அதைத் துடைத்து, திறந்து பார்த்து, எந்த ஒயர் எங்கே போகிறது என்று வீடியோ வீடியோவாகப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். எனக்கு விளையாட்டுப் பைத்தியம் கிடையாது. அவன் இருக்கும் இடத்துக்குப் போக வேறு வழி இல்லை, அவ்வளவுதான்.

அந்த வழியிலும் மண் விழுந்தது. விளையாட்டின் முதல் பாகத்தை மூடப் போகிறோம், எல்லாரும் இரண்டாம் பாகத்துக்கு வாருங்கள் என்று அறிவித்துவிட்டார்கள். கடைசி நாளன்று நாங்கள் கட்டிய வீட்டின் கூரைமேல் ஏறி இரண்டு தீப்பெட்டிகளும் உட்கார்ந்திருந்தோம்.

"ரெண்டாம் பாகம் கடற்கரையில ஆரம்பிக்குதுக்கா. நீ வா. நான் அங்க நிக்கறேன்" என்றான்.

"வரேன்டா. எங்க போயிடப் போறேன்?" என்று வாய் கூசாமல் சொன்னேன்.

எங்கே போவது? இரண்டாம் பாகத்தை எங்கள் கம்ப்யூட்டரில் போட்டால் ஒரு காட்சி வரும். அடுத்த காட்சி வருவதற்குள் காபி போட்டுக் குடித்து, டம்ளரையும் கழுவி வைத்துவிடலாம். அப்புறம் திரை கறுப்பாகிவிடும். போனில் கூப்பிட்டுச் சொன்னேன். "ம், பரவால்லக்கா" என்றான். அந்த 'பரவால்ல' எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த வாரம் "ம்" ஆகும், அதற்கடுத்து அதுவும் நிற்கும். இவனை நான் இழந்துவிடுவேன் என்று நிஜமாகவே பயந்தேன்.

என் சம்பளத்தில் புதுக் கம்ப்யூட்டர் என்பது கனவில்கூட வராது. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். ஆகவே திட்டம் போட்டேன். கடையில் கூட்டமில்லாத நேரமெல்லாம் அதே நினைப்பு. திரையில் காட்சியை வேகமாக வரைந்து தர நல்ல கிராபிக்ஸ் கார்டு வேண்டும். அது வந்தால், மின்சாரம் கொடுக்கிற பழைய பவர் சப்ளை தாங்காது. அதை மாற்றினால் ரேம் பற்றாது. கூட்டுக் குடும்பத்தில் ஒருத்திக்குப் புடவை எடுத்த கதைதான். ப்ராசஸர் மட்டும் பழசாகவே இருக்கட்டும், அது கிழவனானாலும் உழைப்பாளி என்று தீர்மானித்தேன். பவர் சப்ளையில் கஞ்சத்தனம் பண்ணினால் மொத்தமும் புகைந்துவிடும் என்று எல்லா வீடியோவிலும் அடித்துச் சொன்னார்கள். அதனால் அதைப் புதிதாக வாங்கினேன். கையிருப்பில் பெரும்பங்கு அங்கேயே கரைந்தது. கார்டைப் பழசில்தான் பிடிக்க வேண்டும்.

பழைய சாமான் கடைக்காரருக்கு எங்கள் பக்கத்தில் 'வாரண்டி' என்று பெயர். எதற்கும் வாரண்டி தராததால் வந்த பெயர். அவர் கார்டு கார்டாக எடுத்துக் காட்டினார். என் விலைக்கு ஒத்து வந்தது ஒன்றுதான். மூன்று விசிறிகளோடு, தூக்கினால் கை வலிக்கிற கனத்தில் இருந்தது.

"ஓட்டிக் காட்டுங்க" என்றேன். மாட்டி ஓட்டிக் காட்டினார். காட்சி வழுக்கிக்கொண்டு ஓடியது.

"எடுத்துட்டுப் போம்மா. ஆனா வாசப்படி தாண்டினா அது உன்னோடது. திரும்ப வந்து நின்னா நான் உன்னைப் பார்த்ததே இல்லை" என்றார்.

"நீளம் மட்டும் பார்த்துக்கறேன்" என்று ஸ்கேலை எடுத்தேன். ஊரார் கண்மணிகளின் இடைவெளியை மில்லிமீட்டர் பிசகாமல் அளக்கிற கை இது. கேபினட்டின் பின்சுவரிலிருந்து முன்சுவர் வரை முந்தின நாளே அளந்து வைத்திருந்தேன். கார்டு தாராளமாக உட்காரும். கர்வமாகவே வீட்டுக்கு வந்தேன்.

ஞாயிறு காலை கேபினட்டைத் தரையில் படுக்கவைத்து, பவர் சப்ளையை மாற்றி, ரேமைச் செருகி, கார்டைத் தூக்கினேன். முக்கால்வாசி உள்ளே போய் 'டங்' என்று இடித்தது. சாய்த்துப் பார்த்தேன், திருப்பிப் பார்த்தேன். அப்புறம்தான் கண்ணில் பட்டது. பின்சுவருக்கும் முன்சுவருக்கும் நடுவே ஒரு இரும்புக் கூண்டு. ஹார்டு டிஸ்க் வைப்பதற்கான அடுக்கு. எங்களுடைய சின்ன டிஸ்க் மதர்போர்டிலேயே செருகியிருந்ததால் அது காலியாகவே கிடந்தது. காலியாக இருந்ததால் என் கண்ணுக்கு அது தெரியவே இல்லை. திருகாணி போட்டிருந்தாலாவது கழற்றலாம். பாவி, ரிவிட் அடித்துப் பிணைத்திருந்தான்.

வாரண்டி திரும்ப எடுக்கமாட்டார். வேறு கேபினட் வாங்கக் கையில் ஒன்றும் இல்லை. ஆத்திரத்தில் சமையலறையிலிருந்து இடுக்கியைக் கொண்டுவந்து கூண்டைப் பிடித்து வளைத்தேன். இடுக்கிதான் வளைந்தது. அழுகை வந்துவிட்டது. கடற்கரையில் நிற்கிறேன் என்றானே, எத்தனை நாள் நிற்பான்?

"என்ன சத்தம்?"

அப்பா கதவருகே நின்றார். தம்பி போனதிலிருந்து அந்த அறைக்குள் அவர் வந்ததில்லை. இப்போதும் நிலைப்படிக்கு வெளியேதான் கால் இருந்தது.

"ஒண்ணுமில்லப்பா. இது உள்ள போகமாட்டேங்குது."

எட்டிப் பார்த்தார். வளைந்த இடுக்கியையும் பார்த்தார். "கொஞ்ச நாளா ஞாயித்துக்கிழமையில சத்தத்தையே காணோமேன்னு பார்த்தேன்" என்றார்.

நான் நிமிர்ந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் கட்டில். அவர் தூங்குகிறார் என்றுதான் நினைத்திருந்தேன். நான் சிரித்தது, "டேய் லூசு" என்று கத்தியது, எல்லாம் கேட்டுக்கொண்டு படுத்திருந்திருக்கிறார். தம்பி பேசியது அவருக்குக் கேட்டிருக்காது. என் பாதியை மட்டும் வைத்து அவன் பாதியை ஊகித்துக்கொண்டிருந்திருக்கிறார் மனுஷன்.

"இது உள்ள போனாத்தான் சத்தம் வரும்ப்பா" என்றேன்.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். பிறகு உள்ளே வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"எதுவரைக்கும் எடுக்கணும்?"

காட்டினேன். தடவிப் பார்த்து, தட்டிப் பார்த்தார். "முழுசா எடுத்தா பொட்டி ஆட்டம் காணும். பாதி எடுத்துட்டு ஒரு பட்டை வச்சுப் பிடிக்கலாம். எடுத்துட்டு வா பட்டறைக்கு."

"இப்படியே வேண்டாம்ப்பா. இரும்புத் தூள் ஒண்ணு மதர்போர்டுல விழுந்தாலும் தொலைஞ்சுது."

"அப்ப எல்லாத்தையும் கழட்டு."

காலையில் மாட்டியது அத்தனையையும் கழற்றினேன். வெறும் கேபினட்டை அவர் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். ஞாயிற்றுக்கிழமை பட்டறை திறக்காது. ஷட்டரைத் தூக்கிய சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர்கூட எட்டிப் பார்த்தார். சுவர்ப்பக்கம் திரும்பி நின்ற பலகைக்கு அருகில் ஸ்டூலைப் போட்டு, ரிவிட்களைத் துளைத்து எடுத்தார். கட்டர் சுழன்றபோது தீப்பொறி பறந்தது. வெட்டி, சொன்னபடி பட்டை வைத்துப் பற்றவைத்து முடித்ததும் எடுத்துப் போகலாம் என்று நான் கை நீட்டினேன். தரவில்லை. வெட்டிய விளிம்பை அரத்தால் ராவினார், விரலால் தடவினார், மறுபடி ராவினார்.

"போதும்ப்பா. யாரு பார்க்கப் போறா?"

"நாளைக்கு அவன் வந்து கையை உள்ள விட்டா கிழிக்கக் கூடாது" என்றார்.

நான் சட்டென்று குனிந்து, தரையில் கிடந்த இரும்புத் தூளைப் பெருக்க ஆரம்பித்தேன்.

மறுபடி எல்லாவற்றையும் கோத்து முடிக்க மதியம் தாண்டிவிட்டது. கார்டு இந்தத் தடவை இடிக்கவில்லை. சுவிட்சைப் போட்டேன். மூன்று விசிறியும் சுற்றின, திரை வெளிச்சமானது. அப்பா போகவில்லை. கதவில் சாய்ந்துகொண்டு கைக்கரியைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். துணிதான் கறுத்தது.

இரண்டாம் பாகம் திறந்தது. கடல், மணல், சாய்ந்த வெயில். தண்ணீர் நிஜத் தண்ணீர் மாதிரி அலையடித்தது. கரையில் ஒருத்தன் நின்றான். தீப்பெட்டி இல்லை, மனிதன். முகம், கழுத்து, தோள் எல்லாம் இருந்தது. கன்னம் ஒட்டி, விலா எலும்பு தெரிந்தது.

"அக்கா!" என்று ஹெட்போனில் கத்தினான். "வந்துட்டியா! எப்படி வந்தே?"

"நடந்து வந்தேன். என்னடா இது கோலம்?"

"இதுல சாப்பிடலைன்னா ஆள் இளைச்சுப்போவான்க்கா. சாப்பாடு காட்டுக்குள்ளதான் கிடைக்கும். நான் உள்ள போயிட்டா நீ வந்து தேடுவியேன்னு இங்கேயே நின்னுட்டேன். நண்டுதான் கிடைச்சுது."

திட்டலாம் என்று வாயைத் திறப்பதற்குள் முதுகுக்குப் பின்னால் அப்பாவின் குரல் கேட்டது. எப்போது நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார் என்று தெரியவில்லை.

"ரொம்ப இளைச்சுட்டானே."

"அது பொம்மைப்பா. விளையாட்டுல அப்படி."

"பொம்மைன்னு தெரியுது. அவன் எப்படி இருக்கான்?"

இத்தனை நாளில் ஒருமுறைகூட அவன் முகத்தைக் காட்டியதில்லை. நானும் கேட்டதில்லை. குரல் வருகிறதே என்று இருந்துவிட்டேன். மைக் வழியாக அவனுக்கும் கேட்டிருக்கிறது. கரையில் நின்ற உருவம் அசையவில்லை.

"டேய், அப்பா கேக்கறார். எப்படி இருக்கே?"

அவன் அறையில் ஏதோ விசிறி ஓடும் சத்தம் மட்டும் வந்தது. பிறகு மெதுவாகச் சொன்னான்: "இளைச்சுத்தான்க்கா இருக்கேன்."

"இளைச்சுத்தான் இருக்கானாம்" என்றேன் அப்பாவிடம்.

அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. "சாப்பாட்டுக்கு என்ன பண்றானாம்? கேளு. யாரு சமைக்கறாங்க, அந்தக் கிடங்குக் குளிருக்குள்ள போக ஸ்வெட்டர் இருக்கா, கேளேன்" என்றார்.

நான் கேட்கவில்லை. எழுந்து, ஹெட்போனைக் கழற்றி அவர் தலையில் மாட்டி, என் நாற்காலியில் உட்கார வைத்தேன். அவருக்கு அதைப் பிடித்துக்கொள்ளவே தெரியவில்லை. கரி ஒட்டிய இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டார்.

"நான்தான்டா" என்றார்.

அப்புறம் தம்பி என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. அந்தக் குரலுக்காகத்தான் நான் இவ்வளவும் செய்தேன், அதில் ஒரு வார்த்தைகூட என் காதில் விழவில்லை. நிலைப்படியில் உட்கார்ந்துகொண்டேன். அப்பா பேசுவது மட்டும் கேட்டது. "இல்லடா, அழலை. நீ சொல்லு" என்றார்.