கழுவாத பெட்டி

லோகேஸ்வரிக்குச் சுத்தப் பைத்தியம் என்பது தம்பின் டவுனுக்குப் பக்கத்திலிருக்கும் அந்தச் செம்பனைத் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். வந்தவர் காப்பியைக் குடித்துக் கீழே வைப்பதற்குள் கிளாஸைப் பிடுங்கிக்கொண்டு கழுவப் போய்விடுவாள். "அவ வீட்ல ஈகூட காலக் கழுவிட்டுத்தான் உள்ள போவணும்லா" என்று கிண்டல் செய்யாத ஆள் கிடையாது. செய்யட்டுமே! பள்ளிக்கூடக் கேண்டீனில் பாத்திரம் தேய்த்துவிட்டு வந்து, வீட்டிலும் நின்று தேய்க்கிற பொம்பளைக்கு இந்தப் பேச்செல்லாம் ஒரு பொருட்டா?

அப்பேர்ப்பட்டவள் வீட்டில், சாமி மேடைக்கு நேர் கீழே, ஒரு முயல் மூத்திரம் பெய்து வைத்தால் எப்படி இருக்கும்! அதுவும் வெள்ளிக்கிழமை, சாம்பிராணிப் புகை அடங்குவதற்கு முன்னால்.

பெய்தது தோசை. வெள்ளை உடம்பில் அங்கங்கே முறுகலாகப் பழுப்பு விழுந்திருந்ததால் அந்தப் பெயர். அது அவளுடைய முயல் இல்லை. அவள் வீட்டுக்காரர் இராஜமாணிக்கத்தின் அக்கா பஞ்சாலை, சிரம்பானிலிருந்து கொண்டுவந்த முயல். புருஷன் தவறிய பிறகு பஞ்சாலை அங்கே அடுக்குமாடி வீட்டில் ஒண்டியாக இருந்தார். "எதுக்கு ஒத்தையில கெடக்கணும்? வாங்கண்ணி நம்ம வீட்டுக்கு" என்று விடாப்பிடியாகக் கூப்பிட்டவள் லோகேஸ்வரிதான். அந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, இரண்டு துணிப்பையும் ஒரு முயல் கூண்டுமாக அண்ணி வந்து இறங்கினார்.

கூப்பிட்டதில் பாசாங்கு கிடையாது. லோகேஸ்வரிக்குக் கர்ப்பப்பையை எடுத்தபோது ஆஸ்பத்திரியில் கூடவே கிடந்தவர் அண்ணி. தாயில்லாதவளுக்குத் தலைவாரி, கஞ்சி ஊட்டி, முகம் சுளிக்காமல் எல்லாம் அள்ளிக் கொட்டியவர். மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்ததும் தெரிந்த முதல் முகம் அண்ணியுடையது. அந்த முகம் இனி தன் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று லோகேஸ்வரி ஆசைப்பட்டாள். ஆனால் நன்றி என்று வாய் திறந்து சொல்ல அவளுக்கு வராது. அவளுக்கு வந்ததெல்லாம் கழுவுவது. ஆகவே அண்ணிக்காகக் கழுவினாள்.

அண்ணி துண்டை நாற்காலிக் கையில் போட்டால் மறு நிமிஷம் அது துவைத்துக் கொடியில் தொங்கும். காய்ந்ததும் மடித்து அண்ணியின் பைக்குள் போய்விடும். சீப்பு, மூக்குக்கண்ணாடிக் கூடு, பாதி குடித்த தேத்தண்ணி எல்லாவற்றுக்கும் அதே கதிதான். அண்ணியை ராணி மாதிரி வைத்திருக்கிறோம் என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை வேறு.

முயல்களையும் அப்படித்தான் வைத்திருந்தாள். அவளுடையது மிலோ, பெயருக்கேற்ற நிறத்துப் பெட்டை. இரண்டுக்கும் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்து, கம்பிவலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வைத்துப் பழக்கி, கடைசியில் ஒன்றின் முதுகில் மற்றது தலை வைத்துத் தூங்கும் அளவுக்கு ஒற்றுமையாகிவிட்டன. மூலையில் மரத்தூள் உருண்டை பரப்பிய ஒரு பிளாஸ்டிக் பெட்டி, இரண்டுக்கும் பொதுக் கக்கூஸ். இராஜமாணிக்கம் அதை மலாயில் 'ஜம்பான்' என்பார். தினமும் காலையில் லோகேஸ்வரி ஜம்பானைக் கொட்டி, பினாயில் ஊற்றித் தேய்த்து, வெயிலில் காயவைத்து, புதுத் தூள் நிரப்புவாள். முயல்கள் தின்னும் காய்ந்த புல்லை அடுத்த கோடியில், அடுப்படி வாசலில் வைத்தாள். திங்கிற இடமும் பேல்கிற இடமும் ஒன்றாக இருக்கலாமா? மனுஷர் செய்கிற காரியமா அது?

முயல் மனுஷர் இல்லை என்பது மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை.

தோசை சோபாவில் மூத்திரம் போனது. கதவு மூலையில் போனது. அதுவரை ஒழுங்காக இருந்த மிலோவும் போட்டிக்கு அதே இடத்தில் போனது. லோகேஸ்வரி வாளியோடு ஓடினாள். அவள் ஓட ஓட அதுகள் இன்னும் போயின. கடைசியில்தான் அந்தச் சாமி மேடைக் கூத்து.

மறுநாளே சிரம்பானுக்கு மிருக டாக்டரிடம் கொண்டுபோனார்கள். டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, "ஒடம்புல ஒரு கோளாறும் இல்ல. வீட்ல ஏதோ ஒண்ணு அதுக்குச் சரிப்படல, என்னான்னு பாருங்க" என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அண்ணி கூண்டை மடியில் வைத்துக்கொண்டு செம்பனை மரங்களையே பார்த்து வந்தார். வீட்டு வாசலில் இறங்கும்போது சொன்னார்: "லோகா, என் கூட லாண்டரியில வேல பாத்தாளே ரோகினி, சிரம்பான்ல அவ வீட்ல ஒரு ரூம் சும்மா கெடக்காம். நானும் தோசையும் அங்க போயிர்றோம்."

"முயல் மோண்டதுக்கா போறேங்கிறீங்க?"

"அதுக்குத்தான்னு வச்சுக்கோயேன்" என்று சொல்லிவிட்டு அண்ணி உள்ளே போய்விட்டார்.

லோகேஸ்வரி போகாதீங்க அண்ணி என்று காலைப் பிடித்திருக்கலாம். அவளோ வாளியைப் பிடித்தாள். இந்த நாற்றத்தை அடியோடு ஒழித்துவிட்டால் அண்ணி எதற்குப் போகிறார்? வீடு முழுக்க பினாயில் தண்ணீரைக் கொட்டித் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே பின்னால் நகர்ந்தவள், தான் கழுவிய தரையில் தானே வழுக்கி, தொப்பென்று விழுந்தாள். கணுக்கால் கத்தரிக்காய் மாதிரி வீங்கிப்போனது. கிளினிக்கில் கட்டுப் போட்டு, காலைக் கீழே ஊன்றவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

"கால் சரியாவட்டும், அப்பறம் போறேன்" என்று அண்ணி தங்கினார். ஆனால் கட்டிய பையை அவிழ்க்கவில்லை. பழையபடி தலைவாரிவிட்டார், கஞ்சி காய்ச்சினார். லோகேஸ்வரி வாங்கிக் குடித்தாள். கதவோரம் இருந்த பையைப் பார்க்கும்போதெல்லாம் கஞ்சியைப் பாதியிலேயே வைத்துவிட்டாள்.

ஜம்பான் வேலை இராஜமாணிக்கத்தின் தலையில் விழுந்தது. அவரோ சோம்பேறிகளுக்கெல்லாம் மேஸ்திரி வேலை பார்க்கிற மண்டோர். எழுந்து போய் ஃபேன் சுவிட்சைத் தட்டுவதற்குப் பதில் வேர்த்துக்கொண்டே படுத்துக் கிடப்பவர். செம்பனைப் பழக்குலை ஏற்றும் லோரி ஓட்டிவிட்டு வந்தவர், பெட்டியில் சொதசொதவென்று ஈரமான இடத்தை மட்டும் முறத்தால் வழித்து வெளியே கொட்டினார். மேலே ஒரு பிடி தூளைத் தூவினார். அவ்வளவுதான்.

"கழுவுங்க!" என்று சோபாவிலிருந்து கத்தினாள் லோகேஸ்வரி.

"நாளைக்கிலா."

மறுநாள் பெட்டி பாதி நிறைந்திருந்தது. கொட்டச் சோம்பல்பட்டு, பின்கட்டில் கிடந்த பழைய நீல பிளாஸ்டிக் பேசினை எடுத்து வந்து அதிலும் தூளைப் போட்டு வைத்தார். "ஒண்ணு நெறஞ்சா இன்னொண்ணு. எப்படி ஐடியா?" புல் கட்டை அடுப்படி வரை தூக்கிப் போகவும் அவருக்கு மனசில்லை. பாதியைப் பெட்டியின் ஓரத்திலும் மீதியைப் பேசினின் ஓரத்திலும் அப்படியே திணித்துவிட்டார்.

"ஐயோ, சாமி! கக்கூஸ்லயா சோறு போடுறீங்க? நீங்கள்லாம் மனுசனா?" லோகேஸ்வரி தலையில் அடித்துக்கொண்டாள். எழுந்து போக முடியாமல் மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு கிடந்தாள்.

கொஞ்ச நாளில் அவளுக்கு ஒரு சந்தேகம் தட்டியது. யாரும் தரையைத் துடைக்கக் காணோம். வாளி சுவரோரம் காய்ந்து கிடந்தது. சோபாவை முகர்ந்து பார்த்தாள், ஒன்றுமில்லை. சாமி மேடையடியில் அண்ணியைப் பார்க்கச் சொன்னாள். "ஒண்ணுமில்லையே" என்றார் அண்ணி, அவருக்கும் ஆச்சரியம்தான்.

கட்டுப் பிரித்த பிறகு வந்த வெள்ளிக்கிழமை காலை, லோகேஸ்வரி நொண்டி நொண்டி வாளியும் பினாயிலுமாக ஜம்பானை நோக்கிப் போனாள். சாயங்காலம் அண்ணிக்கு ரயில். கை பெட்டியைத் தொடப் போகும் நேரத்தில் மிலோ முந்திக்கொண்டு ஏறி உட்கார்ந்தது. பின்னாலேயே தோசை வந்தது. முன்பெல்லாம் மிலோ பெட்டியில் இருந்தால் தோசை நின்று பார்த்துவிட்டு நேரே சோபாவுக்குப் போகும். இன்றைக்கு அது பேசினை முகர்ந்தது. தன் பழைய வாடையை மூக்கு துடிக்க முகர்ந்துவிட்டு ஒரே தாவலில் உள்ளே போய், புல்லை உருவி மென்றுகொண்டே, உருண்டை உருண்டையாகப் போட ஆரம்பித்தது. அதன் முகத்தில் என்ன நிம்மதி!

லோகேஸ்வரி வாளியைக் கீழே வைத்தாள். தன் வாடை இருந்தால்தானே அது தன் இடம் என்று அதற்குத் தெரியும்? தினம் தினம் அந்த வாடையைத் தேய்த்து அழித்துவிட்டு, ஏன் கண்ட இடத்தில் போகிறாய் என்று திட்டினால் அந்த வாயில்லா ஜீவன் என்னதான் செய்யும்? இதைத்தானே டாக்டர் அன்றைக்குச் சொன்னார்! எத்தனை சுலபமான விஷயம், இத்தனை நாள் மரமண்டைக்கு ஏறவில்லையே என்று தன்னையே நொந்துகொண்டு நிமிர்ந்தாள்.

எதிரே அண்ணியின் நாற்காலி. அதன் கையில் எதுவும் இல்லை. துண்டு பைக்குள் இருந்தது. அவளே துவைத்து, அவளே மடித்து, அவளே உள்ளே வைத்தது.

நொண்டிக்கொண்டே போய்ப் பையைத் திறந்து துண்டை வெளியே இழுத்தாள்.

"என்னா பண்ற லோகா?"

"அண்ணி, நான் ஒண்ணு கேக்குறேன், உள்ளதச் சொல்லுங்க. தோசையினாலயா போறீங்க?"

அண்ணி கட்டிலில் உட்கார்ந்தார். "நான் ஒக்காந்து எழுந்தா நீ தொடைக்கிற. ரெண்டு வாய் தேத்தண்ணி மிச்சம் வச்சா ஊத்திட்டுக் கழுவிர்ற. என் சீப்பு ஒரு நாள் வெளிய கெடந்து பாத்ததில்ல. இந்த வீட்ல நான் இருக்கேங்கிறதுக்கு ஒரு அடையாளமும் இல்லலா. தங்க வந்தவளா, வழியில போறவளான்னு எனக்கே தெரியல. ஒனக்கு அருவருப்பா இருக்கோன்னு நெனச்சேன்."

"அருவருப்பா? ஒங்களையா?" லோகேஸ்வரிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "ஆஸ்பத்திரியில எனக்கு எல்லாத்தையும் அள்ளிக் கொட்டுனவங்க நீங்க. அதுக்கு என்னா செய்யிறதுன்னு தெரியாம கழுவிக்கிட்டே கெடந்தேன். நன்றின்னு சொல்ல வாய் வரல அண்ணி. கண்ணு முழிச்சப்ப ஒங்க மொகத்தத்தான் பாத்தேன். அது இங்கயே இருக்கட்டும்னு தோணுச்சு, அவ்ளோதான்."

அண்ணி எழுந்து வந்து, அவள் கையிலிருந்த துண்டை வாங்கி, அவள் கண்ணைத் துடைத்தார். தன் கண்ணையும் துடைத்துக்கொண்டார். "பைத்தியக்காரி, இத அன்னைக்கே சொல்றதுக்கென்ன?" என்றார்.

அந்த நேரம் பார்த்து இராஜமாணிக்கம் உள்ளே எட்டிப் பார்த்தார். இரண்டு பேரும் அழுவதைக் கண்டு வெலவெலத்துப் போனார். "ஜம்பானக் கழுவலன்னா அழுவுறீங்க? இந்தா, இப்பவே கழுவிர்றேன்லா!"

"கழுவுனீங்க, கைய ஒடிச்சிருவேன்!" என்று பாய்ந்தாள் லோகேஸ்வரி. பிறகு, கல்யாணமான நாளிலிருந்து செய்யாத ஒன்றைச் செய்தாள். கையைக் கூப்பி அவரைப் பெரிய கும்பிடாகக் கும்பிட்டாள். "ஒங்க சோம்பேறித்தனத்துக்குக் கோடி புண்ணியம். நல்லா இருங்க சாமி." அவர் எதுவும் புரியாமல் தலையைச் சொறிந்துகொண்டு போய்ப் படுத்துவிட்டார்.

சாயங்காலம் அண்ணி துண்டை நாற்காலிக் கையில் போட்டார். தேத்தண்ணி குடித்துவிட்டு, பாதி கிளாஸை ஜன்னல் திட்டில் வைத்தார். லோகேஸ்வரியின் கை துறுதுறுத்தது. கையை மடியில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

அண்ணி போனை எடுத்தார். "ரோகினி, அந்த ரூம வேற யாருக்காச்சும் குடுத்துரும்மா. இல்லலா, நான் வரல." அந்தப் பக்கம் ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். அண்ணி நாற்காலிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"என் துண்டு இங்க கெடக்கு" என்றார்.