ஐந்தாவது செமஸ்டரில் ஒரு தப்பு

தம்பி இமானுவேல் பெட்டியின் மூடியில் மூன்றாவது திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் வனிதாவுக்கு அந்தத் தாள்களின் ஞாபகம் வந்தது.

"அப்பா கையில இருந்த பேப்பரெல்லாம் எங்கடா?"

"எந்தப் பேப்பரு?" என்றான் இமானுவேல், திருப்புளியை நிறுத்தாமல்.

அவன் மனைவி ரஞ்சிதா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நாந்தானுங்க அண்ணி உள்ள வெச்சேன். மாமா கடைசி வரைக்கும் நெஞ்சு மேலயே புடிச்சிட்டிருந்தாரு. ஜெபத்தாளுன்னு நெனச்சு, ஜெபமாலையோட சேத்துக் கைக்கு அடியில வெச்சுட்டேன்."

"பிரிச்சுப் பாக்கலையா?"

"மாமா கையில இருந்ததை நான் எப்படிங்க பிரிச்சுப் பாக்கறது?"

அதற்குள் நான்காவது திருகாணியும் ஏறிவிட்டது. எட்டுப் பேர் பெட்டியைத் தூக்கினார்கள். ஆறு செமஸ்டர், நூற்று நாற்பது கிரெடிட், உயிர்வேதியியல் இளநிலைப் பட்டப்படிப்பு முழுவதும் அப்பா ஆரோக்கியசாமியோடு சேர்ந்து கோயிலுக்குப் புறப்பட்டது.

மலைக்குக் கீழே ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் துறைக்குத் தலைவி வனிதா. மூன்று வருடத்துக்கு ஒருமுறை பாடத்திட்டம் மாற்றுவார்கள். இந்த முறை மாற்றியது அவள். எந்தப் பாடம் எந்தப் பருவத்தில் வரவேண்டும், எத்தனை மணி நேரம், எந்தச் சோதனைக்கு எந்த ரசாயனம் என்று எட்டு மாதம் உட்கார்ந்து வரைந்திருந்தாள். இன்று, வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள், இறுதிப் பிரதி மின்னஞ்சலில் போய்ச் சேர வேண்டும். நாளைக்குப் பாடத்திட்டக் குழு கூடும். அது தலையாட்டிவிட்டால் அடுத்த மூன்று வருடத்துக்கு ஒரு வரி மாற்ற முடியாது.

பிரதி அவளுடைய மடிக்கணினியில் பத்திரமாக இருந்தது. பெட்டிக்குள் போனது வெறும் அச்சுத்தாள். அது போனதில் அவளுக்குக் கவலையில்லை. அதில் அப்பா சிவப்புப் பென்சிலால் எழுதியிருந்ததுதான் கவலை.

ஆரோக்கியசாமி இருபத்தொன்பது வருடம் இந்த மலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். கீழே இருந்து இங்கே மாற்றலாகி வருகிறவர்கள் பெட்டியைப் பிரிக்கும் முன்பே திரும்பிப் போக மனு எழுதுவார்கள். அவர் எழுதவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் செம்மேட்டில் ஒரு சிறிய வீடு வாங்கி இங்கேயே தங்கிவிட்டார். கடைசி ஒரு வருடமாக இதயம் மக்கர் பண்ணியது. கால் வீங்கி, நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கியது.

செவ்வாய்க்கிழமை வனிதா மேலே வந்தபோது பாடத்திட்டத்தை அச்செடுத்து அவர் கையில் கொடுத்தாள். கொடுத்ததில் மரியாதை பாதி, படுத்தே கிடக்கிறாரே, பொழுது போகட்டும் என்ற எண்ணம் பாதி. அவரோ மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அறுபது பக்கத்தையும் இரண்டு நாள் விடாமல் படித்தார். புதன்கிழமை சாயங்காலம் அவளைக் கூப்பிட்டார்.

"ஏன் கண்ணு, இதை எத்தனை பேர் பாத்தீங்க?"

"ஏழு பேருப்பா. அதுல ரெண்டு பேரு வெளிநாட்டுல படிச்சவங்க."

"சரி. அஞ்சாவது செமஸ்டர்ல ஒரு தப்பு இருக்குது."

வனிதா சிரித்துவிட்டாள். "என்ன தப்பு? சொல்லுங்க."

"எழுதி வெச்சிருக்கேன். காலையில சொல்றேன், இப்ப மூச்சு வாங்குது."

காலை வந்தது. அவள் அடுப்பில் பால் வைத்துவிட்டு அவர் அறைக்குப் போனபோது, தாள்கள் நெஞ்சின் மேலே இருந்தன. நெஞ்சு ஏறி இறங்கவில்லை.

அதிலிருந்து அவள் அழுதுகொண்டுதான் இருந்தாள். ஆனால் பெட்டியை மூடிய பிறகு, அழுகை ஓய்ந்த ஒவ்வொரு இடைவெளியிலும் மனசு ஐந்தாவது செமஸ்டருக்குப் போய் நின்றது. வெட்கமாகத்தான் இருந்தது. அப்பாவைப் பெட்டியில் வைத்துக்கொண்டு யாராவது கிரெடிட் கூட்டிப் பார்ப்பார்களா? இவள் பார்த்தாள். கோயிலில் சாமியார் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது இவள் முதல் பெஞ்சில் உட்கார்ந்து நோய் எதிர்ப்பியலுக்கு வாரம் நாலு மணி நேரம் போதுமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

போதும். மூன்றாவது பருவத்தில் நொதிகள், நான்காவதில் வளர்சிதை மாற்றம், ஐந்தாவதில் மருத்துவ உயிர்வேதியியல். ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்கார்ந்திருந்தது. செய்முறைக்கு ரத்தத்தில் சர்க்கரை, யூரியா, கிரியாட்டினின், கொழுப்பு என்று பன்னிரண்டு சோதனைகள். மணிக்கணக்கு சரி, மதிப்பெண் சரி. தப்பே இல்லை. வனிதா ஒரு வேலையைச் செய்தால் அதில் நூல் பிசகாது என்று கல்லூரியில் அவளைப் பிடிக்காதவர்கள்கூடச் சொல்வார்கள்.

ஆனால் அப்பாவும் சும்மா சொல்கிற ஆள் இல்லை. சந்தேகம் வந்தால் ஒரே ரத்தத்தை மூன்று முறை சோதிப்பார். நோயாளி வெளியே முணுமுணுத்தாலும், டாக்டர் உள்ளே பல்லைக் கடித்தாலும், தனக்குத் திருப்தியாகும் வரை சீட்டில் அளவை எழுத மாட்டார். அவர் தப்பு என்றால் எங்கேயோ தப்பு இருக்கிறது. அது இப்போது ஜெபமாலைக்கு அடியில் இருக்கிறது.

கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற வழியில் சில்வர் ஓக் மரங்கள் வரிசையாக நின்றன. அவற்றில் மிளகுக்கொடி ஏறியிருந்தது. அம்மா மரியம்மாள் அழவில்லை. வனிதாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தபடி, சண்டையில் பாதியில் விட்டதைத் தொடர்வது மாதிரி பேசிக்கொண்டே வந்தாள்.

"லேப்புக்குப் போட்டுட்டுப் போன அந்த வெள்ளைக் கோட்டைப் போட்டு அனுப்பலாம்னு பாத்தேன். ரஞ்சிதா வேட்டி சட்டைதான் லட்சணம்னுட்டா. டிரங்குப் பொட்டியில இருந்து கோட்டை எடுத்ததும் கை தன்னால பையைத்தான் வெளிய இழுத்துப் பாக்குது. இருபத்தொம்பது வருசம் அதுதானே என் வேலை. எந்நேரமும் பன்னுத் தூளு. கோட்டுப் பையெல்லாம் எறும்பு."

"அம்மா, இப்ப எதுக்கு அதெல்லாம்?"

"சர்க்கரைக்காரருக்கு என்ன பன்னு வேண்டிக் கெடக்குது? ஊட்ல நான் களியும் கீரையுமா அளந்து போடறது. அங்க போயி திருட்டுத்தனமா பன்னைத் தின்னுட்டு வாரது. கேட்டா ஒரு சிரிப்பு. அந்தப் பன்னுதான் அந்த மனுசனைக் கொன்னுச்சு."

வனிதா அம்மாவின் கையைத் தட்டிக்கொடுத்தாள். இந்த வழக்கு அவள் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து நடக்கிறது. எதிராளி ஒருநாளும் வாயைத் திறந்து வாதாடியதில்லை.

குழிக்குப் பக்கத்தில் பெட்டியை இறக்கினார்கள். கடைசியாக ஒருமுறை முகம் பார்ப்பதற்காக மூடியைத் திறப்பது வழக்கம். இமானுவேல் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான். மூடி விலகியதும் ரஞ்சிதா விசும்பினாள். வனிதா குனிந்து அப்பாவின் நெற்றியில் முத்தமிட்டாள். நிமிராமலேயே சொன்னாள்.

"நான் அந்தப் பேப்பரை எடுத்துக்கறேன்."

பெரியப்பா முன்னால் வந்தார். ஆரோக்கியசாமிக்கு அண்ணன், பேளுக்குறிச்சியிலிருந்து வந்திருந்தார்.

"பொட்டிக்குள்ள வெச்சதை எடுக்கக் கூடாது கண்ணு. ஆகாது."

"பெரியப்பா, அது ஜெபத்தாளு இல்லீங்க. என் காலேஜு பாடத்திட்டம். அப்பா அதுல ஒரு திருத்தம் போட்டிருக்காரு. இன்னிக்கு ஆறு மணிக்குள்ள நான் அதை அனுப்பியாகணும்."

"இன்னிக்குக்கூடவா காலேஜு?" என்றார் அவர். சுற்றி நின்றவர்களில் சிலர் அவர் பக்கம் தலையாட்டினார்கள். சாமியார் புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டார்.

மரியம்மாள்தான் பேசினாள். "எடுத்துக்க கண்ணு. அந்த மனுசன் வேலையைப் பாதியில வெச்சுட்டு எங்கயும் போனதில்லை."

பெரியப்பா விலகி வழிவிட்டார். வனிதா அப்பாவின் கைகளுக்கு அடியில் விரல்களை நுழைத்தாள். சில்லென்று இருந்தது. ஜெபமாலை தாள்களைச் சுற்றிக்கொண்டிருந்தது. மணி மணியாகப் பிரித்தாள். தாள்களை உருவி எடுத்தபின் ஜெபமாலையை முன்பிருந்தபடியே அவர் விரல்களில் சுற்றிவிட்டாள். அவசரப்படவில்லை. இனி இந்தக் கையைத் தொட முடியாது என்பது அப்போதுதான் முழுதாக உறைத்தது. தாள்களை இடுப்பில் செருகிக்கொண்டு அழுதாள்.

பெட்டி இறங்கியது. எல்லோரும் ஆளுக்கு மூன்று கை மண் போட்டார்கள்.

கூட்டம் கலைய ஆரம்பித்ததும் தோட்டத்தின் சுற்றுச்சுவர் மேல் உட்கார்ந்து தாள்களைப் பிரித்தாள். அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு டிக். தேர்வுத்தாள் திருத்துகிறவரைப் போல ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு டிக் போட்டிருந்தார். ஐந்தாவது பருவத்திலும் டிக்குகள்தான். பாடம், கிரெடிட், மதிப்பெண் எதிலும் கைவைக்கவில்லை. வனிதாவுக்கு எரிச்சல்கூட வந்தது. தப்பு எங்கேப்பா?

கடைசியில் இணைத்திருந்த ஐந்தாவது பருவக் கால அட்டவணையில் இருந்தது. அந்தப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை. ஏழு பேரும் படிக்கவில்லை. எழுதிய அவளே சென்ற முறையிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியிருந்தாள்.

'செவ்வாய் மதியம் 2 முதல் 5 வரை: வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை' என்ற வரியைச் சுற்றி ஒரு வட்டம். பக்கத்தில் அவருடைய சாய்வான கையெழுத்து, எழுத எழுத இறங்கிக்கொண்டே போயிருந்தது.

'ரத்தம் கொடுக்கிற பிள்ளை முந்தின நாள் ராத்திரி சாப்பிட்டது. மதியம் இரண்டு மணி வரைக்கும் பச்சைத் தண்ணியோடு எப்படி நிற்கும்? சாப்பிட்டு வந்தால் ரிசல்ட் தப்பு. சாப்பிடாமல் வந்தால் நாம் தப்பு. காலையில் முதல் மணிக்கு மாற்றவும்.'

அதற்குக் கீழே தேவையான பொருட்கள் பட்டியல். ஊசி, குழாய், பஞ்சு, ஸ்பிரிட் என்று அவள் அச்சடித்திருந்த வரிசையின் முடிவில் சிவப்பில் ஒன்று சேர்ந்திருந்தது.

'பன் - ஆளுக்கு ஒன்று.'

வனிதா அதை வாய்விட்டுப் படித்தாள். பெட்டியைத் தூக்கி வந்தவர்களில் ஒருவரான சின்னமுத்து அங்கேயே துண்டை உதறிக்கொண்டு நின்றிருந்தார். பெரக்கரை நாடு என்கிற உள்மலை ஊர்ப்பக்கத்து விவசாயி. காது கொடுத்துக் கேட்டவர் தலையாட்டினார்.

"எனக்குக் குடுத்திருக்காருங்க. அப்பவெல்லாம் எங்க பக்கம் ஏது பஸ்ஸு. சுகரு பாக்கோணும்னா வெடியறதுக்கு முந்தி வெறும் வயித்தோட நடந்து வருவோம். ரத்தம் எடுத்த கையோட கோட்டுப் பையில இருந்து ஒரு பன்னு எடுத்து நீட்டுவாரு. தின்னு முடிச்சாத்தான் எந்திரிக்க உடுவாரு. ஒரு நாளைக்கு இருவது பேரு வந்தா இருவது பன்னுங்க."

"அவரு தின்ன மாட்டாரா?" என்று கேட்டாள் மரியம்மாள்.

"அவருங்களா? அவருக்குத்தான் சுகராச்சுங்களே. பன்னைத் தின்னா ஊட்ல திட்டுவாங்கன்னு சொல்லுவாரு."

மரியம்மாள் புதிதாக மூடிய மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணி நாலே முக்கால். ஆய்வகம் ஒன்றுதான். காலை நேரமெல்லாம் வேதியியல் துறைக்கு எழுதி வைத்தது. அந்தத் துறைத் தலைவர் இளங்கோ ஆய்வக நேரத்தில் அரைமணிகூட விட்டுக்கொடுக்காதவர் என்று பெயரெடுத்தவர். வனிதா அங்கேயே நின்று போன் போட்டாள்.

"மேடம், கேள்விப்பட்டேன். ரொம்ப வருத்தமா…"

"அப்பாவை இப்பத்தான் சார் அடக்கம் பண்ணினோம். எனக்கு செவ்வாய்க்கிழமை காலையில முதல் மூணு மணி நேரம் லேப் வேணும். நீங்க மதியம் எடுத்துக்கங்க."

"மேடம், இன்னிக்குப் போய் இதை…"

"இன்னிக்குத்தான் சார் கடைசி நாள்."

"எங்க மூணாம் வருசப் பசங்களுக்கு அப்ப உப்புப் பகுப்பாய்வு இருக்கே மேடம்."

"உங்க உப்பு மதியமும் உப்பாத்தான் சார் இருக்கும். என் பிள்ளைங்க மதியம் வரைக்கும் பட்டினியா இருக்கும்."

இளங்கோவுக்கு என்ன தோன்றியதோ, பெருமூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "எழுதிக்கங்க மேடம்," என்றார்.

வீட்டுக்கு வந்து எல்லோரும் குளித்தார்கள். அக்கம்பக்கத்தில் ஆக்கி அனுப்பிய சோறும் ரசமும் கூடத்தில் இருந்தன. "அண்ணி, நேத்திலிருந்து பல்லுல பச்சைத் தண்ணி படலை, முதல்ல சாப்பிடுங்க," என்று ரஞ்சிதா தட்டைக் கொண்டுவந்தாள். காகிதத்தை உள்ளே வைத்த குற்றத்துக்கு அவள் காலையிலிருந்து ஏதாவது செய்து தீர்க்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ வெச்சது நல்லதுதான் ரஞ்சிதா. வெளிய இருந்திருந்தா இந்தக் கூட்டத்துல யாராவது எடுத்துப் போட்டிருப்பாங்க," என்றாள் வனிதா. "பத்து நிமிசம் இரு, வாரேன்."

மடிக்கணினியைத் திறந்தாள். கால அட்டவணையில் செவ்வாய் மதியத்தை அழித்துக் காலை ஒன்பது மணி என்று போட்டாள். பொருட்கள் பட்டியலுக்கு வந்ததும் ஒரு நொடி யோசித்தாள். குழுவில் யாராவது சிரிப்பார்கள். நாளைக்கு யாராவது, இது என்ன மேடம், பலகாரக்கடையா என்று கேட்பார்கள். கேட்கட்டும். அவளிடம் பதில் இருந்தது. ஸ்பிரிட்டுக்குக் கீழே 'பன் - மாணவருக்கு ஒன்று' என்று அடித்தாள். ஐந்து ஐம்பதுக்குப் பிரதி போய்ச் சேர்ந்தது.

கைகழுவ எழுந்தவள் நடையில் நின்றாள். உள் அறையில் அம்மா ஆணியில் தொங்கிய வெள்ளைக் கோட்டின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். காலையில் இழுத்துவிட்டபடியே இரண்டு பைகளும் வெளியே தொங்கிக்கொண்டிருந்தன. மரியம்மாள் அவற்றை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளி, வாய் திறந்திருக்கும்படி விரலால் நீவிவிட்டாள்.