மேசைக்கு அடியில் ஒரு சிவப்பு விளக்கு

கடையின் பவர் சப்ளை பெட்டி ஒரே மாதத்தில் இரண்டு முறை கருகியபோது, என் சந்தேகம் நேராக மாப்பிள்ளை மேல் போனது. தங்கையின் கணவர், என்னோடு சேர்ந்து ஆம்ப்ளிபயர் பழுது பார்ப்பவர். நான் சாப்பிடப் போகும் நேரத்தில் வெளி வேலையை எங்கள் கரண்டில் ஓட்டுகிறார், கமுக்கமாகத் தனிக்கடை போடப் பார்க்கிறார் என்று மனசுக்குள் முடிவே கட்டிவிட்டேன்.

கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். அவர் மேசைக்குப் போகும் வயரில் ஒரு மின்தடையை, அதாவது ரெசிஸ்டரை, வைத்தேன். இரண்டு ஆம்பியர் ஓடினால் அதன் இரு முனைகளுக்கு இடையே அரை வோல்ட்டுக்குச் சற்று மேலே வரும். அந்த வோல்ட் ஒரு டிரான்சிஸ்டரை சுவிட்ச் போலத் திறந்து சிவப்பு விளக்கை எரியவிடும். அவர் வேலைக்கு இரண்டு ஆம்பியர் தேவையே இல்லை; விளக்கு எரிந்தால் வேறு எதையோ சேர்த்து ஓட்டுகிறார் என்று அர்த்தம். எல்லாவற்றையும் தீப்பெட்டி அளவு டப்பாவில் நெருக்கி அடைத்து என் மேசைக்கு அடியில் ஒளித்தேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் சாப்பிடப் போவதுபோல் கிளம்பிப் பாதி வழியில் திரும்பினேன். விளக்கு எரிந்தது. அவர் மேசையில் ஒரே ஒரு ஆம்ப்ளிபயர்தான் இருந்தது. மற்றதை ஒளித்துவிட்டார், ஆள் கில்லாடி.

"எத்தனை நாளா நடக்குது இது?"

"எது மச்சான்?"

"ஒண்ணும் தெரியாத மாதிரி நடிக்காதீங்க. விளக்கு பொய் சொல்லாது."

அவர் தன் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் அவர் விட்டுப்போன ஆம்ப்ளிபயரை நானே ஓட்டிப் பார்த்தேன். மீட்டர் ஒன்றேமுக்கால் ஆம்பியர் காட்டியது. அரை மணி நேரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. மீட்டர் மட்டும் அதே ஒன்றேமுக்காலில் நின்றது. டப்பாவைத் திறந்தேன், விரல் சுட்டது. கொதிக்கும் மின்தடை மேல் டிரான்சிஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தது. சூடேறினால் அது குறைந்த வோல்ட்டுக்கே திறந்துவிடும். இது இந்தத் தொழிலில் பால்பாடம். இடத்தை மிச்சம் பிடிக்கப் போய் மனுஷரைத் தொலைத்திருந்தேன்.

அப்படியே தங்கை வீட்டுக்கு ஓடினேன். மாப்பிள்ளை சிரித்தபடி உள்ளே கூப்பிட்டார். அதுதான் வலித்தது.

"தப்பு டப்பாவுலதான், மாப்ளே. ரெண்டையும் ஒட்டி வச்சுட்டேன்."

"தெரியும் மச்சான். வச்ச அன்னிக்கே ஒரு ஸ்க்ரூ உருண்டு உங்க மேசைக்கடியில போச்சு. எடுக்கக் குனிஞ்சப்போ பார்த்தேன். தொறந்தும் பார்த்தேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"என்னைப் பிடிக்கத்தான் வச்சிருக்கீங்கன்னு புரிஞ்சுபோச்சு. நான் சொன்னா நம்பியிருப்பீங்களா?"

நம்பியிருக்க மாட்டேன். தப்பிக்க வழி பார்க்கிறார் என்றுதான் நினைத்திருப்பேன். வெட்கத்தில் தலை குனிந்தேன்.

தங்கை என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "நாளையிலேருந்து அவரு வேற கடைக்குப் போறாரு, அண்ணா."