நாற்பதும் ஒருத்தி

அவள் ஒரு குச்சியைக் கிள்ளி மண்ணில் செருகினால் போதும், வேர் விட்டே தீரும். அதனால் ஊரில் அவளுக்குப் பெயரே கைராசிக்காரி. அந்தத் தைரியத்தில்தான் தோழி வீட்டில் காய்த்துக் குலுங்கிய கிவிக் கொடி ஒன்றில் குச்சிகள் வெட்டிவந்து, அண்ணன் நிலத்தில் நாற்பது கொடிகளை உண்டாக்கினாள். நான்கு வருடம் சோறு தண்ணீர் மறந்து வளர்த்தாள்.

போன வருடம் பூத்தது, ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. வானிலைமேல் பழியைப் போட்டாள். "இந்தத் தடவையும் காய்க்கலைன்னா எல்லாத்தையும் பிடுங்கிடுவேன்" என்று அண்ணன் கறாராகச் சொல்லிவிட்டார். இப்போது பந்தல் முழுக்கப் பூ. முதலில் பூத்தவை உதிரவும் தொடங்கிவிட்டன.

"விடும்மா, உரம் பத்தலையோ என்னவோ" என்றாள் அண்ணி, ஆறுதலாகத்தான். கைராசிக்காரிக்குச் சுருக்கென்றது. தன் உரத்தைக் குறை சொல்ல விடுவாளா? ஒரு பூவைப் பறித்து உற்றுப் பார்த்தாள். பூசணியில் ஆண் பூ, பெண் பூ பார்த்துப் பழகிய கண். நடுவில் வெள்ளை இழைகள் சக்கரமாக விரிந்திருந்தன. பெண் பூ. அடுத்த கொடியிலும் பெண் பூ. நாற்பதிலும் அதேதான், மகரந்தம் தர ஓர் ஆண் பூகூட இல்லை. வேறு எப்படி இருக்கும்? வெட்டி வைத்த குச்சி தாய்க்கொடியேதான். அவள் ஒரே கொடியை நாற்பது முறை நட்டிருக்கிறாள். தன்மேலேயே ஆத்திரம் வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது.

அங்கேயே நின்று தோழிக்குப் போன் போட்டாள்.

"உன் கொடிக்குப் பக்கத்துல வேற கிவி எதுவும் நிக்குதா?"

"நிக்குதே, தண்டத்துக்கு. பூக்கும், ஆனா காய்க்கவே காய்க்காது. நாளைக்கு வெட்டச் சொல்லியிருக்கேன்."

"அதுமேல கை வச்சே, ஜென்மத்துக்கும் உன்கூடப் பேச மாட்டேன்!"

உடனே தோழி வீட்டுக்கு ஓடியவள், மதியத்துக்குள் இரண்டு டப்பா நிறைய ஆண் பூக்களோடு வந்து இறங்கினாள். அண்ணன் கையிலும் ஒரு டப்பாவைத் திணித்து, ஆண் பூவை எடுத்துப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தேய்க்கச் சொன்னாள். "என்ன கூத்து இது?" என்று முணுமுணுத்தவர், அடுத்த மூன்று நாளும் ஏணியை விட்டு இறங்கவில்லை.

சில வாரங்களில் பந்தலடியில் கட்டைவிரல் பருமனில் பிஞ்சுகள். அண்ணனுக்கு வாய்கொள்ளாத சிரிப்பு. "தோட்டம் உனக்குத்தான். அந்த ஆண் கொடியிலயும் நாலு குச்சி வெட்டிட்டு வந்து வச்சிடு. வேலை முடிஞ்சுது."

"வைக்கிறேன். பழம் பழுத்ததும் விதையும் போடப்போறேன்."

"விதையா? அதுல என்ன வரும்?"

"யாருக்குத் தெரியும்? அம்மா பாதி, அப்பா பாதின்னு ஒவ்வொண்ணும் ஒரு தினுசா வரும். ஆனா இந்த நாப்பதும் ஒரே உடம்பு, அண்ணா. ஒண்ணைச் சாய்க்கிற நோய் வந்தா அத்தனையும் காலி."

"நல்லது எதுன்னு எப்போ தெரியும்?"

"அஞ்சாறு வருஷம் ஆகும்" என்றாள் கூசாமல்.

அண்ணன் வேலியோரம் போய், அப்பால் கிடந்த தன் காலி நிலத்தை எட்டிப் பார்த்தார்.

"அங்க பந்தல் போட எத்தனை கம்பம் வேணும்?" என்று கேட்டார்.